பாய்லரின் மீதி ஆயுள்: அறிகுறியிலிருந்து பின்னோக்கிச் செல்லும் வழிமுறை

வைகாசியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று இறங்கத் தொடங்கியதும் முப்பந்தல் காற்றாலைகள் வேகம் பிடிக்கின்றன. அந்த நேரத்தில் மாநிலத்தின் அனல் மின் அலகுகள் சுமையைக் குறைத்துக்கொள்கின்றன, காற்று ஓய்ந்ததும் மறுபடியும் ஏற்றிக்கொள்கின்றன. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் ஐந்து 210 மெகாவாட் அலகுகளும் 1979-க்கும் 1992-க்கும் இடையில் இயக்கத்துக்கு வந்தவை. காற்றாலைகள் இவ்வளவு பெருகாத அந்தக் காலத்தில் இத்தகைய அலகுகள் ஒரே சுமையில் மாதக்கணக்கில் ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டன. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீசும் காற்று இன்னொரு மாவட்டத்தில் நிற்கும் பாய்லரின் ஆயுள் கணக்கிலும் ஒரு வரியாக ஏறுகிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அனல் மின் நிலையம் இல்லை. ஆனால் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் என்.டி.டி. (சிதைக்காத சோதனை) பயிற்சி முடித்துவிட்டு, தூத்துக்குடிக்கும் வட மாநிலங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஷட்டவுன் (அலகை நிறுத்திப் பராமரிக்கும்) வேலைக்குப் போகும் இளைஞர்கள் இங்கே ஏராளம். தடிமன் அளக்கவும் ரெப்ளிகா (உலோக நுண்ணமைப்பின் அச்சுப்படி) எடுக்கவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எடுத்த அளவு எந்தக் கேள்விக்கு விடை என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. பாய்லர் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு பாய்லருக்கு ஒரே வயது கிடையாது. நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டருக்கு வெப்பநிலையும் மணிக்கணக்கும் வயது. பல டியூப்கள் வந்து சேரும் தடித்த குழாயான ஹெடருக்கு எத்தனை முறை ஏற்றி இறக்கினார்கள் என்பது வயது. உலையைச் சூழ்ந்த டியூப்களாலான நீர்ச்சுவருக்குத் தண்ணீரின் வேதியியல் கெட்ட நாட்களின் எண்ணிக்கை வயது. உள்ளே வரும் நீரைப் புகைவாயுவால் சூடாக்கும் எகனாமைசருக்குச் சாம்பல் உரசிய வேகம் வயது. எனவே மீதி ஆயுளைக் கணக்கிடுவதற்கு முன், அந்தப் பகுதி எந்தக் காரணத்தால் தேய்கிறது என்பதை முடிவு செய்தாக வேண்டும். காரணம் தவறானால், கணக்கு எத்தனை தசமப் புள்ளிகள் வரை சென்றாலும் அது வெறும் எண்தான்.

ஆய்வுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இந்தியக் கொதிகலன் விதிமுறைகள் 1950-இன் 391ஏ பிரிவின்படி, 400 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இயங்கும் பாய்லர்களின் கிரீப் (சூட்டில் உலோகம் மெதுவாக இழுபட்டு ஊர்தல்) எல்லைக்குள் வரும் பாகங்களை, 1,00,000 மணி நேர இயக்கத்துக்குப் பிறகு சிதைக்காத சோதனைகளின் மூலம் மீதி ஆயுள் மதிப்பீட்டுக்கு உட்படுத்த வேண்டும். மற்றப் பாகங்களுக்கு 25 ஆண்டுகள் என்பது எல்லை. (1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது.) இடைவிடாமல் ஓடினால் 1,00,000 மணி நேரம் என்பது பதினொன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. சட்டம் சொல்லும் இந்த எல்லை ஆய்வைத் தொடங்க வேண்டிய நாள் மட்டுமே. அன்றைக்குப் பாய்லர் செத்துவிடுவதும் இல்லை, அதுவரை பத்திரமாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஷட்டவுனுக்குப் போய் இறங்கியதும் கருவிப் பெட்டியைத் திறக்க வேண்டாம், பதிவேட்டைக் கேளுங்கள். மொத்த இயக்க மணிகள், குளிர்நிலையிலிருந்தும் வெந்நிலையிலிருந்தும் தொடங்கிய எண்ணிக்கை தனித்தனியாக, நீராவி வெப்பநிலை வரம்பைத் தாண்டிய நேரம், கண்டென்சர் (நீராவியை மீண்டும் நீராக்கும் கலன்) கசிந்த நாட்கள், முன்பு மாற்றிய டியூப்களின் வரைபடம் ஆகிய ஐந்தும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மாற்றிய டியூப்களின் வரைபடத்தை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. மூன்று ஆண்டுக்கு முன்பு போட்ட புது டியூப்பில் அளவெடுத்து, முப்பது ஆண்டுப் பழைய டியூப் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிய அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன்.

அறிகுறி: சூப்பர்ஹீட்டர் அல்லது ரீஹீட்டர் டியூப் நீளவாக்கில் பிளந்திருக்கிறது

(ரீஹீட்டர் என்பது டர்பைனில் ஒரு முறை வேலை செய்து திரும்பிய நீராவியை மறுபடியும் சூடேற்றுவது.) முதலில் பிளவின் உதட்டைப் பாருங்கள். கத்தி முனை போல மெலிந்து, டியூப் நன்றாக உப்பி, மீன் வாயைப் போல அகலத் திறந்திருந்தால் அது குறுகிய கால அதிவெப்பம். நீராவி ஓட்டம் சில மணி நேரமோ சில நிமிடங்களோ தடைபட்டு, உலோகம் மிக அதிகமாகச் சூடேறி, இழுபட்டு வெடித்திருக்கிறது. அப்படியானால் பக்கத்து டியூப்களின் ஆயுள் தீர்ந்துவிட்டதென்று பொருளல்ல. அந்த ஒரு டியூப்பை அடைத்தது எது என்று தேட வேண்டும். வெல்டிங் செய்யும்போது உள்ளே விழுந்த கசடு, ஹெடருக்குள் மறந்துபோன துணி, கீழ் வளைவில் தேங்கிய நீர், உட்புறத்திலிருந்து உரிந்து விழுந்த ஆக்சைடு செதில்கள் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். கடைசியாகச் சொன்ன செதில்கள் பெரும்பாலும் பாய்லர் குளிரும்போது உரிந்து, தொங்கும் காயில்களின் (வளைத்து மடக்கிய டியூப் வரிசைகளின்) அடி வளைவில் குவிகின்றன. அடுத்த முறை பற்றவைக்கும்போது அங்கே நீராவி போக வழியில்லை. எனவே ‘ஷட்டவுன் முடிந்து ஏற்றிய சில நாட்களிலேயே வெடித்தது’ என்று பதிவேடு சொன்னால், கீழ் வளைவுகளை ரேடியோகிராபி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

உதடு தடித்து, பிளவு குறுகலாக, அதன் இருபுறமும் நீளவாக்கில் சிறு சிறு விரிசல்களும் தடித்த ஆக்சைடும் இருந்தால் அது நீண்ட கால அதிவெப்பம். அதாவது கிரீப் என்னும் மெதுவான ஊர்தல். இங்கேதான் மீதி ஆயுள் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் உண்டு, ஏனென்றால் வெடித்த டியூப்புக்குப் பக்கத்தில் இருப்பவையும் ஏறத்தாழ அதே வெப்பநிலையில் அதே மணிகளைக் கழித்தவை.

நீராவியோடு உரசும் உட்புறத்தில் வளரும் ஆக்சைடு படலம் இங்கே இரண்டு வேலை செய்கிறது. அது உலோகத்தைவிட வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்துவதால், படலம் தடிக்கத் தடிக்கச் சுவர் மேலும் சூடேறுகிறது. சூடேறினால் படலம் மேலும் வேகமாக வளர்கிறது. அதே படலம், கடந்த காலத்தில் உலோகம் என்ன வெப்பநிலையில் இருந்தது என்பதற்கான சாட்சியமும் ஆகிறது. உயர் அதிர்வெண் அல்ட்ராசோனிக் ஆய்வுமுனையால் அதன் தடிமனை வெளியிலிருந்தே அளக்கலாம். அதற்கு வெளிப்புறத்தைப் பளபளப்பாகத் தேய்த்திருக்க வேண்டும், படலமும் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். உலைக்கூரைக்கு மேலுள்ள பென்ட்ஹவுஸ் அறையில் பொருத்திய தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) காட்டும் அளவை டியூப்பின் உண்மை வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புகைவாயு படாத இடத்தில் இருக்கும் அது நீராவியின் வெப்பநிலையைத்தான் ஏறத்தாழச் சொல்லும்; சூட்டில் நிற்கும் பகுதி அதைவிடப் பல டிகிரி மேலே இருக்கும்.

வெப்பநிலையின் பிழை எவ்வளவு விலையுள்ளது என்பதை லார்சன்–மில்லர் கணக்கு காட்டுகிறது. கெல்வினில் உள்ள உலோக வெப்பநிலையை, மாறிலி 20-உடன் முறியும்வரை தாங்கும் மணிகளின் (10 அடிமான) மடக்கையைக் கூட்டிய எண்ணால் பெருக்கினால் வருவதே அந்த அளவுரு. ஒரே தகைவில் (ஒரு சதுரப் பரப்பில் உலோகம் தாங்கும் விசையில்) ஒரே உலோகத்துக்கு அது மாறாது. 540 டிகிரியில் 2,00,000 மணி தாங்கக்கூடிய ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். 813 கெல்வினுக்கு அளவுரு சுமார் 20,570. அதே பாகம் 550 டிகிரியில் இருந்தால் சுமார் 98,600 மணி. 560 டிகிரியில் 49,400 மணி. பத்து டிகிரிக்கு ஒரு முறை ஆயுள் பாதியாகிறது. இனி அந்தப் பாகம் 80,000 மணி 540 டிகிரியிலும் 20,000 மணி 550 டிகிரியிலும் ஓடியிருக்கிறது என்று பதிவேடு சொன்னால், செலவான ஆயுள் 0.400-உம் 0.203-உம் சேர்ந்து 0.603, மீண்டும் 540-இல் ஓட்டினால் மீதி சுமார் 79,000 மணி. வெப்பநிலை ஏறிய கதையைக் கண்டுகொள்ளாமல் மணிகளை மட்டும் கழித்திருந்தால் 1,00,000 என்று எழுதியிருப்போம்.

இந்தக் கணக்கில் சுவர் மெலிந்ததால் உயரும் தகைவு சேரவில்லை. 51 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 6 மில்லிமீட்டர் தடிமன், 14.7 மெகாபாஸ்கல் உள்ளழுத்தம் என்றால் சுற்றுத் தகைவு சுமார் 55 மெகாபாஸ்கல். தடிமன் 4.5 மில்லிமீட்டராக இறங்கினால் அது 76 ஆகிறது. ஆகவே ஆக்சைடு, சுவர்த் தடிமன், வெளிவிட்டம் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் எடுங்கள். விட்டம் சற்றே பெருத்திருப்பதும் கிரீப் பேசும் மொழிதான். சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவதே நேர்மையான வழி. வெட்டும்போது எரிவாயுச் சுடரால் வெட்டக் கூடாது. பார்க்க வந்த நுண்ணமைப்பையே சுடர் மாற்றிவிடும்.

அறிகுறி: நீர்ச்சுவர் டியூப்பில் ஒரு துண்டு ஜன்னலைப் போலப் பெயர்ந்து விழுந்திருக்கிறது

உப்பல் இல்லை, மெலிதல் அதிகம் இல்லை, உதடு தடித்து நொறுங்கியதைப் போல இருக்கிறது என்றால், உடனே ஹைட்ரஜன் சேதம் என்று ஐயுற வேண்டும். இதில் தடிமன் அளவு நம்மை ஏமாற்றும். நான் இருந்த ஒரு மின் நிலையத்தில் (எது என்பது இங்கே தேவையில்லை) நீர்ச்சுவர் முழுவதும் கட்டம் கட்டமாக அளந்து, எல்லாம் வரம்புக்கு மேலே இருக்கிறது என்று நானே கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பற்றவைத்து ஒரு வாரத்துக்குள், நான் நல்லதென்று குறித்த டியூப்களில் இரண்டு துண்டாகப் பெயர்ந்தன. என் அளவு தவறவில்லை, கேள்விதான் தவறு.

கடல்நீரால் குளிர்விக்கும் நிலையங்களில் கண்டென்சர் டியூப் ஒன்று கசிந்தாலும் கடல்நீர் கண்டென்சேட்டில் (குளிர்ந்து நீரான நீராவியில்) கலக்கிறது. அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு பாய்லரின் சூட்டில் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. டியூப்பின் உட்புறத்தில் படிவு இருந்தால் அதன் அடியில் அமிலம் அடர்கிறது. அங்கே பிறக்கும் அணுநிலை ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, இரும்புக் கார்பைடோடு சேர்ந்து மீத்தேனாகிறது. மீத்தேன் மூலக்கூறு பெரிது, வெளியேற முடியாது; உலோகத்தின் நுண்படிகங்களின் எல்லைகளில் அழுத்தம் கூடி நுண்விரிசல்கள் பரவுகின்றன. சுவர் அதே தடிமனில் நிற்கிறது, உள்ளே மட்டும் உளுத்துப்போகிறது. ஆனியில் அசைவில்லாமல் நிற்கும் தென்னை, கூன்வண்டு தின்ற தண்டோடு ஐப்பசிக் காற்றில் முறிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே முதலில் கண்டென்சேட்டின் கடத்துதிறன் பதிவையும் பாய்லர் நீரின் பி.எச். பதிவையும் வாங்கி, பி.எச். சரிந்த நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வெப்பப் பாய்வு அதிகமுள்ள பர்னர் மட்டத்திலிருந்து டியூப் மாதிரி வெட்டி, தீப்பக்க அரைவட்டத்தில் உட்படிவை எடை போடுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால் வேதிக் கழுவுதலைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த மாதிரியின் ஒரு வளையத்தைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரித்தால், சேதமான பகுதி கறுத்துத் தெரியும். அப்படித் தெரிந்தால், தடிமன் அளவை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒலி சிதறுவதையும் ஒலிவேகம் குறைவதையும் பார்க்கும் அல்ட்ராசோனிக் முறையில் அந்தச் சுவரையே மறுபடியும் சோதிக்க வேண்டும். சேதம் உறுதியான டியூப்புக்கு மீதி ஆயுள் கணக்கு கிடையாது, மாற்ற வேண்டியதுதான். சேதமான டியூப் இருக்கும் சுவரில் முதலில் வேதிக் கழுவுதலைச் செய்துவிட்டுப் பிறகு சோதிக்கலாம் என்று சிலர் வரிசையை மாற்றுவார்கள். அமிலம் விரிசலுக்குள் இறங்கி, கழுவும்போதே கசியும் டியூப்கள் தோன்றும். அது நடந்த பிறகு கழுவிய ஒப்பந்தக்காரரும் இயக்கப் பிரிவும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதைக் கேட்பதற்கு நமக்குப் பொறுமை வேண்டும்.

உட்புறம் நொறுங்காமல், கரண்டியால் தோண்டியதைப் போல வழவழப்பாகக் குழிந்திருந்தால் அது காரத்தால் வந்த அரிப்பு. பாஸ்பேட், காரம் போடும் முறையைத் திருத்தினால் அது நிற்கும். அங்கே தடிமன் அளவே போதுமானது.

அறிகுறி: எகனாமைசர், கீழ் சூப்பர்ஹீட்டர் டியூப்கள் வெளிப்புறத்தில் பளபளப்பாகத் தட்டையாகியிருக்கின்றன

இது சாம்பல் உரசல். இந்திய நிலக்கரியில் சாம்பல் 35 முதல் 45 விழுக்காடு வரை இருப்பது சாதாரணம். உரசல் புகைவாயு வேகத்தின் ஏறத்தாழ மும்மடிக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்ப உயர்வதால், காயிலுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளி, விலகிய காயில்களுக்கு நடுவில் உருவான சந்து, வளைவுகளின் முதுகு ஆகிய இடங்களில்தான் துளை விழும். நடுப்பகுதியில் நூறு அளவு எடுத்து ஓரத்தில் ஒன்றும் எடுக்காத அறிக்கை பயனற்றது.

கணக்கு எளிது. 6.0 மில்லிமீட்டராக இருந்தது 60,000 மணியில் 4.8 ஆனால், 1,000 மணிக்கு 0.02 மில்லிமீட்டர். குறைந்தபட்சம் 4.0 வேண்டுமென்றால் மீதி 40,000 மணி. ஆனால் காயில் விலகினாலோ, நிலக்கரி மாறினாலோ, பக்கத்துச் சந்து சாம்பலால் அடைபட்டாலோ வேகம் உடனே மாறிவிடும் என்பதால், கணக்கில் வந்ததில் பாதிக்குள் அடுத்த அளவீட்டை வைக்குமாறு எழுதுவது என் வழக்கம். டியூப் மேல் படிந்த சாம்பலை நீராவியால் ஊதித் தள்ளும் சூட் ப்ளோயரைச் சுற்றி வளையமாகத் தேய்ந்திருந்தால் அது சாம்பலின் குற்றமல்ல. வடிகால் சரியில்லாமல் நீர்த்துளி கலந்த நீராவி அடிக்கிறது. அதைச் சரிசெய்யாமல் டியூப்புக்குக் கவசம் போடுவது, ஒழுகும் ஓட்டை மாற்றாமல் கீழே வாளி வைப்பதைப் போன்றது.

அறிகுறி: ஹெடரில் டியூப் இணையும் இடத்தில் மீண்டும் மீண்டும் கசிவு

ஆரல்வாய்மொழிக் காற்று பாய்லரைத் தொடும் இடம் இதுதான். 2023-இல் மத்திய மின்சார ஆணையம் வெளியிட்ட விதிமுறை, நிலக்கரி அலகுகள் 40 விழுக்காடு சுமை வரை இறங்கி ஓடத் தயாராக வேண்டும் என்கிறது. சுமை இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் ஹெடரின் தடித்த சுவரின் உட்புறமும் வெளிப்புறமும் வெவ்வேறு வேகத்தில் சூடேறுகின்றன, குளிர்கின்றன. டியூப் துளைகளுக்கு இடையே உள்ள குறுகிய உலோகப் பட்டையில், துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல்கள் தோன்றி, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு நீளுகின்றன. வெளியில் வெல்டில் கசிவாகத் தெரியும்போது உள்ளே விரிசல் நெடுநாள் முன்பே பிறந்திருக்கும். கசிந்த இடத்தை மேலே வெல்டு போட்டு மூடிவிட்டு ஓட்டுவது வழக்கமாகியிருக்கிறது. ஒரே ஹெடரில் இரண்டாம் முறை கசிந்தால் அதைச் செய்யாதீர்கள்.

ஆய்வுத் துளையைத் திறந்து, வீடியோஸ்கோப்பை உள்ளே விட்டு, ஒவ்வொரு துளையின் விளிம்பையும் படமெடுங்கள். எகனாமைசர் உள்வரும் ஹெடராக இருந்தால், நீர் நுழையும் முனைக்கு அருகிலுள்ள முதல் சில துளைகளைப் பாருங்கள். பாய்லர் வெந்நிலையில் நிற்கும்போது டிரம்மின் (நீரும் நீராவியும் பிரியும் உருளையின்) நீர்மட்டத்தைச் சரிசெய்ய விட்டு விட்டுக் குளிர்ந்த நீரைத் தள்ளுவதே அங்கே விரிசலுக்குத் தலையாய காரணம். சூப்பர்ஹீட்டர் வெளியேறும் ஹெடராக இருந்தால், வெப்பநிலை அதிகமாக இருந்த டியூப் வரிசையின் துளைகளில் தொடங்குங்கள்; அங்கே கிரீப்பும், ஏற்றி இறக்குவதால் வரும் உலோகக் களைப்பும் கைகோத்துச் செல்கின்றன. அவை இரண்டும் சேர்ந்த சேதம் தனித்தனிக் கணக்கின் கூட்டலைவிட மோசமானது. ஒவ்வொன்றுக்கும் தனியாக 0.5 வந்துவிட்டால், மொத்தம் ஒன்று ஆகும்வரை காத்திருக்கலாம் என்று எண்ணக் கூடாது.

நீர் தெளித்து நீராவியின் வெப்பநிலையைக் குறைக்கும் அட்டெம்பரேட்டர் ஹெடரில் உட்குழாய் உடைந்திருந்தால், தெளிக்கும் நீர் நேராகச் சூடான சுவரில் படும். குறைந்த சுமையில் தெளிப்பு அதிகமாக இருக்கும் நிலையங்களில் இதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். உடைந்த துண்டு கீழே போய் ஒரு டியூப்பை அடைத்தால், மேலே சொன்ன மீன் வாய்ப் பிளவு அங்கே உங்களுக்காகக் காத்திருக்கும்.

அறிகுறி: பிரதான நீராவிக் குழாய் தொங்குகிறது, அல்லது வெல்டில் விரிசல்

குழாயைப் பார்ப்பதற்கு முன் அதைத் தாங்கும் ஸ்பிரிங் ஹேங்கர்களைப் பாருங்கள். சூடான நிலை, குளிர்ந்த நிலை என இரு குறிகளும் முட்கள் நிற்கும் இடமும் எழுதப்பட வேண்டும். ஆய்வுக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை. நீர்ச் சோதனைக்காகச் ஹேங்கர்களில் செருகிய பூட்டு முளைகளை யாரோ எடுக்க மறந்து, பல ஆண்டுகள் ஹேங்கர் இறுகி நின்றிருப்பது எண்ணிப் பார்ப்பதைவிட அதிகம் நடக்கிறது. அப்படியானால் குழாயில் விழுந்த வளைவுத் தகைவு எந்த வரைபடத்திலும் இல்லை. விரிசலுக்கான காரணமும் அதுவாகவே இருக்கும்.

பிறகு ரெப்ளிகா. வெல்டின் வெப்பம் பாதித்த பகுதி, வளைவின் வெளிமுதுகு, டீ இணைப்பு ஆகியவை முதல் இடங்கள். மேற்பரப்பில் கார்பன் இழந்த அடுக்கை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தேய்த்து எடுக்காமல் மெருகேற்றினால், நீங்கள் பார்ப்பது குழாயின் நுண்ணமைப்பு அல்ல, அதன் தோலை மட்டுமே. மெருகேற்றி, நைட்டாலில் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில்) அரித்து, அசிட்டோனில் நனைத்த செல்லுலோஸ் அசிடேட் தாளை ஒட்டுங்கள். மழைக்காலத்து ஈரக்காற்றில் அசிட்டோன் ஆவியாகும்போது தாள் வெளுத்துப் போவதுண்டு. அப்படி வந்தால் இரண்டாம் தாள் எடுங்கள், மூன்றாம் தாளும் எடுங்கள்.

கிரீப்பால் உலோகத்துக்குள் பிறக்கும் நுண்துளைகளை நொய்பவர் (Neubauer) வரிசைப்படி மதிப்பிடுவது வழக்கம். தனித்தனித் துளைகள் தெரிந்தால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். துளைகள் ஒரு திசையில் அடுக்கினாற்போல நின்றால் குறித்த இடைவெளியில் மீண்டும் பார்த்தாக வேண்டும். நுண்விரிசலாகச் சேர்ந்துவிட்டால் பழுது பார்க்கும்வரை குறுகிய காலம் மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் விரிசல் என்றால் உடனே பழுது. இந்த வரிசை டி22 போன்ற குறைந்த கலப்பு எஃகுகளுக்கு நன்றாகப் பொருந்தும். குரோமியம் அதிகமுள்ள பி91 எஃகுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். அதில் துளைகள் வெல்டின் வெப்பம் பாதித்த பகுதியின் வெளி ஓரத்தில், உலோகத்தின் உட்புறத்தில் பிறக்கின்றன. மேற்பரப்பில் தெரியும்போது ஆயுளின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். பி91-இல் கடினத்தன்மை அளவே முதல் துப்பு: பிரினெல் 190-க்குக் கீழே இறங்கிய இடத்தைச் சந்தேகத்துடன் பார்த்து, வெல்டின் முழுத் தடிமனையும் அல்ட்ராசோனிக்கில் சோதிக்க வேண்டும்.

அறிகுறி: டிரம்மின் உட்புறத்தில் விரிசல்

210 மெகாவாட் அலகின் டிரம் ஏறத்தாழ 340 டிகிரியில் இருப்பதால் அது கிரீப் எல்லைக்குள் வராது. ஆகவே அதற்கு மணிக்கணக்கு வயதல்ல. ஏற்றி இறக்கும்போது மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் எவ்வளவு வெப்பநிலை வேறுபாடு வந்தது என்பதே வயது. 50 டிகிரி என்ற வரம்பை எத்தனை முறை மீறினார்கள் என்று பழைய தாள்களில் தேடுங்கள். கீழிறங்கு குழாய்களின் உள்மூலைகளையும் உள்ளே ஒட்டிய பாகங்களின் வெல்டுகளையும் ஒளிரும் காந்தத் துகள் சோதனையில் பாருங்கள். விரிசலைத் தேய்த்து எடுத்த பின் மீந்த தடிமன் போதுமா என்பதே கேள்வி.

அறிகுறி: நெடுநாள் நின்ற பாய்லரில் குழிகள்

இது ஆயுள் கணக்கில் எங்கேயும் வராத நாட்களில் நேரும் சேதம். ஓடிய மணிகள் கூடவில்லை, வெப்பநிலை ஏறவில்லை. ஆனால் பாதி நீரும் பாதிக் காற்றுமாக விடப்பட்ட டிரம்மின் நீர்க்கோட்டிலும், ரீஹீட்டரின் வடியாத அடி வளைவுகளிலும் ஆக்சிஜன் குழி தோண்டுகிறது. கடலோரக் காற்றில் உப்பும் சேர்கிறது. முற்றிலும் நிரப்பி வேதிப்பொருள் சேர்த்தோ, முற்றிலும் உலர்த்தி நைட்ரஜன் அடைத்தோ வைத்தார்களா என்று கேளுங்கள். ‘சும்மா மூடி வைத்தோம்’ என்று பதில் வந்தால் வளைவுகளைத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

நம் மாவட்டத்து அண்டி ஆபீஸ்களில் முந்திரியை ஆவியில் அவிக்கும் சிறு பாய்லர்களுக்கும் இதே குறிப்புப் பொருந்தும். அவை 400 டிகிரிக்கு எங்கோ கீழே இருப்பதால் கிரீப் கவலை இல்லை. ஆனால் கிணற்று உப்பு நீர் தரும் சுண்ணாம்புப் படிவும், கொட்டை வரத்து நின்ற மாதங்களில் ஈரத்தோடு மூடிக்கிடப்பதும் அவற்றைத் தின்கின்றன. அங்கே மீதி ஆயுளை அளக்க வேண்டிய கருவி ஒரு தடிமன் மானியும் ஒரு டார்ச் விளக்கும்தான்.

‘நீர் அழுத்தச் சோதனையில் தாங்கிவிட்டது’ என்றால்

தாங்கியது என்றால் இன்றைக்குக் குளிர்ந்த நிலையில் கசியவில்லை என்று மட்டுமே பொருள். கிரீப் துளைகள் நிறைந்த ஹெடரும் ஹைட்ரஜன் தின்ற டியூப்பும் குளிர்ந்த நீரில் அந்தச் சோதனையைத் தாண்டிவிடக்கூடும். சோதனை சான்றிதழுக்குத் தேவை, செய்தாக வேண்டும். அதன் முடிவை மீதி ஆயுள் என்ற பத்தியில் எழுதக் கூடாது.

அறிக்கையில் எழுதும் எண்

பல பாகங்களுக்குப் பல எண்கள் வந்திருக்கும். பாய்லர் முழுவதற்கும் ஒரே எண் வேண்டுமென்று மேலதிகாரி கேட்டால், மிகக் குறைந்த எண்ணைக் கொடுங்கள். அதோடு அந்த எண் எந்தப் பாகத்துக்குரியது, அதை மாற்றிவிட்டால் அடுத்த எண் எது என்பதையும் எழுதுங்கள். 12,000 மணி என்று வந்த ஒரு ரீஹீட்டர் தொகுதியை மாற்றினால் மீதி 60,000 ஆகும் என்று தெரிந்தால்தான், பணத்தை எங்கே செலவிடுவது என்று அவர்கள் முடிவெடுக்க முடியும். எந்த வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டீர்கள், எத்தனை முறை ஏற்றி இறக்குவார்கள் என்று எண்ணினீர்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். காற்று மிகுந்த ஓர் ஆண்டு அந்த எண்ணிக்கையை மாற்றிவிடும்.

அளவெடுத்த இடத்தைக் குறிக்கும்போது ‘இடப்பக்கம், மேலே’ என்று எழுதாதீர்கள். இடச்சுவரிலிருந்து எத்தனையாவது காயில், முன்பக்கத்திலிருந்து எத்தனையாவது டியூப், எந்த மட்டம், தீப்பக்கமா பின்பக்கமா என்று எழுதி, அளவுகோல் தெரியுமாறு ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்தில் ஆய்வுமுனையை வைக்கப்போகும் பையன் உங்கள் ஊர்க்காரனாகவே இருக்கக்கூடும். அவனிடம் உங்கள் அலைபேசி எண் இருக்காது, அந்தத் தாள் மட்டும்தான் இருக்கும்.